நேபாளம்: அம்மாவுக்கு முக்திநாத், மகளுக்கு மலைநடை. ஒரே பயணத்தில் முடியுமா?

#1 கொள்ளிடக்கரை

வணக்கம். இங்கே பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 69 வயது. பூமியில் சேவிக்கக்கூடிய 106 திவ்ய தேசங்களில் 98 சேவித்துவிட்டார். மீதியில் திருச்சாளக்கிராமம், அதாவது நேபாளத்து முக்திநாத், அவரைத் தூங்கவிடுவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விட வேண்டும் என்கிறார். கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகளுக்கோ அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்க வேண்டும். தம்பி துணைக்கு வருகிறான். தீபாவளி முடிந்ததும் புறப்படலாம் என்று இருக்கிறோம். நான் போட்ட திட்டம்:

முதல் நாள் டெல்லி வழியாகக் காத்மாண்டு, மாலையே பசுபதிநாதர் தரிசனம். 2-ஆம் நாள் பொக்காரா. 3-ஆம் நாள் காலை விமானத்தில் ஜோம்சோம், ஜீப்பில் முக்திநாத், இரவு அங்கேயே. 4-ஆம் நாள் பொக்காரா திரும்புதல். 5 முதல் 8 வரை நானும் மகளும் அடிவார முகாம் போய் வருகிறோம். 9-ஆம் நாள் சித்வன் காடு. 10-ஆம் நாள் ஊருக்கு.

பத்து நாளில் இது நடக்குமா? அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு, வேறு தொந்தரவு இல்லை.

#2 பழைய நடையன்

அம்மா, மன்னிக்க வேண்டும். நடக்காது.

அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர். நாலு நாளில் போய் வருவதாகச் சொல்லும் ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் முறை மலையேறும் பெண்ணை அப்படி இழுத்துப் போகக் கூடாது. போக வர ஒரு வாரமாவது வேண்டும். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா சுமார் 200 கிலோமீட்டர்தான் என்றாலும் சாலை வழியே ஒரு முழுப் பகலையும் தின்றுவிடும். ஜோம்சோம் விமானம் நினைத்த நாளில் பறக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உங்கள் திட்டத்தில் ஒரு நாள் சறுக்கினால் அத்தனையும் சரியும். எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

#3 பொக்காரா மருத்துவர்

நான் பொக்காராவில் மருத்துவம் படித்தவன், இப்போது சேலத்தில் பணி. பழைய நடையன் நாட்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்குத் திட்டத்தின் மூன்றாம் நாள்தான் கவலை தருகிறது.

பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். காலையில் பொக்காராவில் எழுந்து இரவு முக்திநாத்தில் படுக்கும் திட்டம் இது. முக்திநாத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடம்பு அதற்கு ஈடுகொடுக்கப் பல நாட்கள் கேட்கும். போய் இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது. தரிசனம் அமோகமாக நடக்கும், படமெல்லாம் எடுப்பீர்கள். ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தொடங்கும். அதுவும் நள்ளிரவில், வண்டி கிடைக்காத நேரத்தில்.

புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லவில்லை. நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது அப்பா வந்தார். அவருக்கு அப்போது 58 வயது, தினமும் ஆறு கிலோமீட்டர் நடப்பவர். நானே அவரை ஜீப்பில் ஒரே நாளில் ராணிபௌவா வரை அழைத்துப் போனேன். அதுதான் கோயிலுக்குக் கீழே விடுதிகள் உள்ள ஊர். மாலையில் தலைவலிக்கிறது என்றார், பயணக் களைப்பு என்று மாத்திரை கொடுத்தேன். இரவு ஒரு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போகக் காலணி போட்டுக்கொள்ள முயன்றார். நாடாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். முடிச்சுப் போடத் தெரியவில்லை. எழுந்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. விடுதிக்காரர் தன் மைத்துனரை எழுப்பி ஜீப்பை எடுக்கச் சொன்னார். இருட்டில் அந்த மலைச்சரிவில் இறங்கி ஜோம்சோம் வந்தோம். ஆயிரம் மீட்டர் கீழே வந்ததும், விடிவதற்குள் அப்பா தானாகத் தேநீர் கேட்டார். அந்த விடுதிக்காரருக்கு நான் பட்ட கடன் தீராது.

ஆகவே சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்குப் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. அம்மாவை முதலில் 2,000 மீட்டரில் ஓர் இரவு, பிறகு 2,600 அல்லது 2,700-இல் இரண்டு இரவு படுக்க வையுங்கள். முக்திநாத்தைப் பகலில் சேவித்துவிட்டுக் கீழே இறங்கி உறங்குங்கள். உயரத்தால் வரும் தொந்தரவைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மேலே தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயரத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தள்ளாட்டமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சிரைப்போ கண்டால் அந்த நிமிடமே இறங்க வேண்டும்.

#4 தஞ்சைச் சாலை

மருத்துவர் ஐயா அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். நாங்கள் 22 பேர் ஒரு குழுவாக, எழுபதைத் தாண்டியவர்கள் உட்பட, காலையில் பறந்து மதியம் தரிசித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

#5 பொக்காரா மருத்துவர்

மகிழ்ச்சி. அன்றிரவு எங்கே படுத்தீர்கள்?

#6 தஞ்சைச் சாலை

ஜோம்சோமில். இரண்டு பேருக்கு வாந்தி வந்தது உண்மை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். நீங்கள் சொல்வதைப் படித்த பிறகு அது சாப்பாடாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

#7 வயலூர் ஆண்டாள்

கொள்ளிடக்கரை அக்கா, நான் என் மாமியாருடன் போய் வந்தவள். கோயிலைப் பற்றிச் சொல்கிறேன்.

ராணிபௌவாவில் வண்டி நின்றதும் கோயில் வரை ஏற்றமும் படியுமாக இருக்கிறது. நம்மூரில் பத்து நிமிடத்தில் ஏறிவிடும் தூரம், அங்கே நாலு அடிக்கு ஒரு முறை நிற்கத் தோன்றும். குதிரை கிடைக்கும், அம்மாவை அதில் அனுப்புங்கள். கோயில் சிறியது, கூரை மூன்று அடுக்கு. நம் கோபுரங்களை மனத்தில் வைத்துப் போனால் முதலில் திகைப்பாக இருக்கும். பின்புறம் அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள், ஒவ்வொன்றும் பசுமுகம். முன்னால் இரண்டு குளங்கள். பனி உருகி வரும் தண்ணீர். ஆண்கள் ஓடிக்கொண்டே நனைகிறார்கள். வயதானவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், ஈரத்துணியோடு அந்தக் காற்றில் நிற்கக் கூடாது. மாற்றுடை, கம்பளிக் குல்லாய், காய்ந்த துண்டு கையிலேயே இருக்கட்டும்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, அது நமக்கு மட்டுமான இடமாக இல்லாததுதான். பௌத்தர்கள் அந்த இடத்தைச் சுமிக் கியாட்ஸா என்கிறார்கள். பௌத்தத் துறவிப் பெண்கள் பல தலைமுறையாகக் கோயிலைப் பேணி வருகிறார்கள். அருகிலேயே ஜ்வாலா மாயி. நிலத்திலிருந்து வரும் இயற்கை வாயு தண்ணீர்ச் சலசலப்புக்குப் பக்கத்தில் நீலச் சுடராக எரிகிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நாம் கைகூப்பும் இடத்தில், பக்கத்தில் நிற்கும் திபெத்தியப் பாட்டி தன் மணிமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். என் மாமியார் அவருக்குத் துளசி கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னொன்று. காளி கண்டகி ஆற்றோரம் இருக்கும் காக்பேனியில் பித்ரு காரியம் செய்வார்கள். அப்பா இல்லையென்றால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டு வருந்த வேண்டாம்.

#8 கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலணி நாடா இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாகவே போகலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். அப்பா போய் ஆறு வருடமாகிறது. காக்பேனி பற்றிச் சொன்னதற்கு ஆண்டாளுக்குத் தனி நன்றி.

வங்கியில் விடுப்புக் கேட்டுவிட்டேன். 17 நாள் கிடைக்கும். அடிவார முகாமுக்குப் பதில் மகளுக்கு என்ன?

#9 பழைய நடையன்

17 நாள் என்றால் தாராளம். நான் சொல்வது கோரேபானி, பூன் மலை, காந்துருக் சுற்று. நான்கு நாள் நடை. அடிவார முகாமில் பனியும் பாறையும் கிடைக்கும். இந்தச் சுற்றில் பனிமலையோடு சேர்ந்து ஊர்களும் மனிதர்களும் கிடைப்பார்கள். முதல் நடைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. 1994 முதல் நேபாளத்தில் பதினோரு முறை நடந்திருக்கிறேன், இந்தச் சுற்றை மட்டும் நான்கு முறை.

பொக்காராவிலிருந்து நயாபுல் வரை வண்டி. அங்கிருந்து ஆற்றோரமாகத் திகேதுங்கா. அதற்குப் பிறகு உல்லேரி ஏற்றம். மூவாயிரத்துக்கு மேல் கல்படிகள் என்பார்கள். எண்ண வேண்டாம், எண்ணினால் நீளும். சின்ன அடி வைத்து, மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் ஏறச் சொல்லுங்கள். உல்லேரி மகர் இனத்தவர் ஊர். அடுத்த நாள் ரோடோடென்ட்ரான் காடு, அவர்கள் லாலி குராஸ் என்று சொல்லும் மரம். பூக்கும் காலம் பங்குனி, சித்திரை. நீங்கள் போகும்போது பூ இராது, அதற்கு ஈடாக வானம் துடைத்து வைத்தது போல இருக்கும்.

கோரேபானி 2,860 மீட்டர். மறுநாள் விடியலுக்கு முன் கைவிளக்கோடு பூன் மலைக்கு ஒரு மணி நேர ஏற்றம், உச்சி 3,210. முதல் வெளிச்சம் தௌலகிரியின் 8,167 மீட்டர் முகட்டில் விழும். அது செம்பு நிறமாகிக் கீழே வழிந்து வரும். வலப்பக்கம் அன்னபூர்ணா தெற்கு, அப்பால் மீன்வால் போல மச்சாபுச்சரே. அதன் உச்சியில் யாரும் முறைப்படி கால் வைத்ததில்லை. 1957-இல் ஏறிய பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிவிட்டது. அது புனித மலை என்பதால் அதன் பிறகு ஏற அனுமதியே கிடையாது. 7,000 மீட்டருக்கு ஏழே மீட்டர் குறைவு.

பிறகு தாடாபானி வழியாகக் காந்துருக். குருங் மக்களின் ஊர், பலகைக் கல் கூரைகள், கல் பாவிய தெருக்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் இருப்பார். இப்போது ஊருக்குக் கீழே வரை ஜீப் வருகிறது. ஆகவே நான்காம் நாள் உங்கள் தம்பி அம்மாவை ஜீப்பில் காந்துருக்குக்கு அழைத்து வரட்டும். மகளும் நீங்களும் மேலிருந்து இறங்கி வருவீர்கள். அந்த ஊர் ஏறக்குறைய 2,000 மீட்டர். மருத்துவர் சொன்ன முதல் இரவு அம்மாவுக்கு அங்கேயே ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கோவேறு கழுதைகள் சுமையோடு வரும். மணிச்சத்தம் கேட்டவுடன் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. கழுதைக்குத் தன் மூட்டையின் அகலம் தெரியாது. அது இடித்துத்தான் பலர் கீழே போயிருக்கிறார்கள்.

சாப்பாடு பற்றிப் பயம் வேண்டாம். தால் பாத் என்றால் சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய். போதும் என்று சொல்லும் வரை போடுவார்கள். தக்காளி வீடுகளில் பருப்புக்கு ஜிம்பு என்ற மலைப்பூண்டுத் தழையைத் தாளிப்பார்கள், வாசனை நாலு வீடு தாண்டும். (தக்காளி என்பது முக்திநாத் பாதையில் வாழும் இனத்தின் பெயர், நம் தக்காளிக்கும் அதற்கும் தொடர்பில்லை.) டிண்டோ என்று கேட்டால் கேழ்வரகிலோ பக்வீட் என்ற நெளிகோதுமையிலோ நம் களியையே கொண்டுவந்து வைப்பார்கள். தங்கும் விடுதியிலேயே சாப்பிடுவது அங்கே மரபு. அறை வாடகையைக் குறைத்துச் சாப்பாட்டில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

#10 மதுரை வழிப்போக்கன்

நயாபுல் பாதையெல்லாம் தெளிவான பாதை, கைப்பேசி வரைபடம் போதும். வழிகாட்டிக்கு நாள் கூலி கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

#11 பழைய நடையன்

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் இந்தப் பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதி வைத்திருக்கிறது. சோதனைச் சாவடியில் எல்லோரையும் நிறுத்துகிறார்களா என்பது வேறு விஷயம்.

விதி இல்லாவிட்டாலும் நான் வழிகாட்டி வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். உல்லேரிப் பாட்டி உங்களிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கிறார். வழிகாட்டி இல்லாவிட்டால் நீங்களும் சிரித்துவிட்டு நகர்வீர்கள். அவர் இருந்தால் பாட்டி கேட்டது "இத்தனை தூரம் வந்து மலையைப் பார்க்கிறீர்களே, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று தெரியவரும். நான் காவிரியைப் பற்றிச் சொன்னேன். அவர் காளி கண்டகியைப் பற்றிச் சொன்னார். அரை மணி நேரம் போயிற்று.

தாயும் மகளும் நடப்பதால் பெண் வழிகாட்டியைக் கேளுங்கள், பொக்காராவில் கிடைக்கிறார்கள். சுமை தூக்க ஒருவரை வைத்தால் இருவர் பையும் சேர்த்து 20 கிலோவைத் தாண்டக் கூடாது. அவருக்குக் காப்பீடு, காலணி, கதகதப்பான மேலாடை இருக்கிறதா என்று புறப்படும் முன் கண்ணால் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். 2009-இல் அப்படிக் கொடுத்துவிட்டு, வராத வழிகாட்டிக்காகப் பொக்காராவில் இரண்டு நாள் வாசலில் காத்திருந்தேன்.

#12 வங்கக்கடல் நோக்கி

பருவம் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர், நவம்பர்தான் சிறந்த காலம், சந்தேகமில்லை. ஆனால் அதே மாதங்கள்தான் நம் கடலில் புயல் உருவாகும் மாதங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே போய், 14-ஆம் தேதி அன்னபூர்ணாச் சுற்றுப் பாதையில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் தோராங் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணவாய்க்கு மேற்கே இறங்கினால் வருவது முக்திநாத்தான். மேலே வானம் நீலமாக இருக்கிறதே என்று ஏமாந்தவர்கள் அதில் உண்டு. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால் இரண்டு நாள் கீழேயே இருங்கள்.

தசைன், தீபாவளியோடு வரும் திகார் ஆகிய இரண்டு பண்டிகைகளிலும் எல்லோரும் சொந்த ஊர் போகிறார்கள். பஸ்ஸில் இடமிராது, வழிகாட்டியும் வீட்டில்தான் இருக்க விரும்புவார். நீங்கள் தீபாவளி முடிந்து போவது சரி. ஒரே ஒரு நட்டம், நாய்களுக்கு மாலை போட்டுத் திலகமிடும் குக்குர் திகாரைப் பார்க்க முடியாது.

#13 தஞ்சைச் சாலை

ஜோம்சோமுக்கு விமானமா, ஜீப்பா? அதையும் முடிவு செய்துவிடலாம்.

#14 பொக்காரா மருத்துவர்

போகும்போது ஜீப், திரும்பும்போது விமானம். உயரம் படிப்படியாகக் கூட வேண்டும் என்பதால் போவது ஜீப்பில்தான் நல்லது. வழியில் தாதோபானி, வெந்நீர் ஊற்று உள்ள ஊர், 1,200 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் இரவு அங்கே. முழங்காலுக்கும் இதம். அடுத்த நாள் மார்பா, நான் சொன்ன 2,600, 2,700 மீட்டர் உயரத்து ஊர்.

காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டியதும் தெற்கிலிருந்து காற்று கிளம்பும், கல்லைப் புரட்டும் காற்று. அதனால்தான் விமானங்கள் காலையில் மட்டும் பறக்கின்றன. மேகம் இருந்தால் அதுவும் இல்லை. 2022 மே 29 அன்று இதே தடத்தில் சிறு விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். விமானி "இன்று வேண்டாம்" என்றால் வாதாடக் கூடாது. அதற்காகவே ஒரு நாளை எதுவும் எழுதாமல் வெறுமையாக வையுங்கள்.

#15 பழைய நடையன்

அந்தச் சாலையைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு மனம் கனக்கிறது. 94-இல் பேனியிலிருந்து ஜோம்சோம் வரை ஒரு சக்கரம் கிடையாது. கழுதை மணியும் ஆற்றுச் சத்தமும்தான். இப்போது புழுதி, ஹாரன்.

#16 பொக்காரா மருத்துவர்

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தச் சாலை இல்லாவிட்டால் என் அப்பா இல்லை. மார்பா ஆப்பிள் அழுகுவதற்குள் பொக்காரா சந்தைக்கு வருவதும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண் கட்டிலில் தூக்கிச் செல்லப்படாமல் வண்டியில் வருவதும் அதே சாலையால்தான். நடப்பவர்களுக்கு ஆற்றின் மறுகரையிலும் லுப்ரா என்ற ஊர்ப் பக்கமும் பழைய பாதைகள் இன்னும் இருக்கின்றன.

#17 பழைய நடையன்

ஒப்புக்கொள்கிறேன். அப்பா நலமாக இருக்கட்டும்.

#18 மரச்செதுக்கு

எல்லோரும் மலையையே பேசுகிறீர்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கை ஒரு மாலை நேரத் தரிசனத்தோடு முடித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் மரச்சிற்ப வேலை செய்பவன். பக்தபூரில் ஒரு முழு நாளும் ஓர் இரவும் இருங்கள். பகல் கூட்டம் போன பிறகுதான் அந்த ஊர் தன் முகத்தைக் காட்டும். ஐந்து அடுக்கு ஞாதபோலா கோயிலை பூபதீந்திர மல்ல மன்னர் 1702-இல் கட்டினார். 1934 நிலநடுக்கத்திலும் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்திலும் சுற்றிலும் எத்தனையோ விழுந்தன, அது நின்றது. படியின் இருபுறமும் மல்லர், யானை, சிங்கம் என்று மேலே போகப் போகப் பலம் கூடிய காவலர்கள். நவம்பரில் சதுக்கங்களில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள்; சிவப்புக் கரைபோட்ட கறுப்புச் சேலையில் நேவார் இனப் பெண்கள் முறத்தால் தூற்றுவார்கள். குயவர் சதுக்கத்தில் பச்சை மண்சட்டிகள் வரிசையாக வெயில் காயும். ஜுஜு தௌ என்ற தயிரை அதே மண்சட்டியில் உறைய வைத்து விற்கிறார்கள். கரண்டியால் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு கெட்டி. இருட்டியதும் மண்டபத் திண்ணையில் பெரியவர்கள் ஜால்ராவும் மத்தளமுமாக உட்கார்ந்து தாபா என்ற பக்திப் பாடல்களைப் பாடுவார்கள். நம் பஜனை மடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வரிசை பழகியதாகவே தோன்றும்.

அதே பள்ளத்தாக்கில் உள்ள பாட்டான் நகரின் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பசுபதிநாதர் சன்னிதியில் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போனவர்கள். அம்மாவுக்குச் சொல்லுங்கள், நெருக்கமாக உணர்வார்.

சித்வன் வேண்டாம். ஒரே நாளில் காண்டாமிருகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் ஓடுவதற்குப் பக்தபூர் திண்ணையில் உட்காரலாம்.

#19 மதுரை வழிப்போக்கன்

ஆவணம், பணம்: இந்தியருக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். மகளுக்கு இப்போதுதான் 18 என்றால் வாக்காளர் அட்டை வந்திருக்காது, பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான விகிதம். 100-க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் பற்றிய விதி மாறி மாறி வந்திருக்கிறது. புறப்படும் வாரம் விசாரியுங்கள், 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போனால் சிக்கலில்லை. மேலே போகும் முன் பொக்காராவிலேயே நேபாளப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள். அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். முக்திநாத்தும் அதே எல்லைக்குள்தான் வருகிறது, ஆகவே அம்மாவுக்கும் தம்பிக்கும் சேர்த்து எடுங்கள். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளிவையுங்கள்.

வழிகாட்டி விஷயத்தில் பழைய நடையன் சொன்னதை ஏற்கிறேன். அந்தப் பாட்டியின் கேள்வி இரண்டு நாளாக மனத்தில் இருக்கிறது.

#20 கொள்ளிடக்கரை

புதிய திட்டம், உங்கள் எல்லோர் கையெழுத்தோடும்:

காத்மாண்டு இரண்டு இரவு. பொக்காரா இரண்டு இரவு. எனக்கும் மகளுக்கும் திகேதுங்கா, கோரேபானி, தாடாபானி. நான்காம் இரவு காந்துருக்கில் நால்வரும். பொக்காராவில் ஓர் இரவு. பிறகு தாதோபானி ஓர் இரவு, மார்பா இரண்டு இரவு. காலையில் முக்திநாத், மாலை காக்பேனிக்கு இறங்கி உறக்கம், விடியலில் அப்பாவுக்குக் காரியம், அன்றிரவு ஜோம்சோம். மறுநாள் விமானம். ஒரு வெற்று நாள். கடைசியில் பக்தபூர். சித்வன் இல்லை.

மகளிடம் அடிவார முகாம் இல்லை என்று சொன்னேன். முகம் வாடியது. மச்சாபுச்சரே பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, "யாரும் ஏறாத மலையா?" என்று கேட்டாள். அதன் பிறகு அடிவார முகாம் பேச்சை எடுக்கவில்லை.

#21 கொள்ளிடக்கரை

மூன்று மாதம் கழித்து வருகிறேன். பத்திரமாகப் போய்வந்தோம். கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

உல்லேரிப் படியில் நான் இரண்டு முறை அழுதேன். மகள் அழவில்லை. எங்கள் வழிகாட்டி 26 வயதுப் பெண், கோர்க்கா பக்கத்துக்காரர். கழுதை மணி கேட்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பி நிறுத்துவார். பூன் மலையில் அன்று மேகம். தௌலகிரி பத்து நிமிடம் மட்டும் தெரிந்தது. கோரேபானி இறங்கிய பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், விடுதிச் சமையலறைச் சன்னலில் முழு மலையும் வந்து நின்றது.

காந்துருக்கில் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிப் படிகளில் தம்பியின் கையைப் பிடித்து ஏறிவந்தார். நாங்கள் மேலிருந்து இறங்கினோம். தெருவின் நடுவில் சந்தித்தோம்.

முக்திநாத்தில் மருத்துவர் ஐயா சொன்னபடி பகலில் மூன்று மணி நேரம்தான் இருந்தோம். அம்மாவுக்கு லேசான தலைவலி வந்தது, காக்பேனி இறங்கியதும் போய்விட்டது. 108 தாரையிலும் விரலை நனைத்து நனைத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஒன்றையும் விடவில்லை, 53-ஆவதில் எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஜ்வாலா மாயியில் துறவிப் பெண் ஒருவர் அம்மாவின் தலையைப் பிடித்து மெல்லத் தாழ்த்தி நீலச் சுடரைக் காட்டினார். அப்பாவுக்குக் காரியம் ஆற்றங்கரையில் நல்லபடியாக நடந்தது.

ஜோம்சோம் விமானம் மேகத்தால் நின்றது. உங்கள் வெற்று நாள் கைகொடுத்தது. நாங்கள் மார்பாவில் முன்பு தங்கிய வீட்டுக்கே திரும்பிப் போனோம். வீட்டு அம்மாள் மொட்டைமாடியில் ஆப்பிளை வட்டவட்டமாக அரிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சற்று நேரம் பார்த்தார். பிறகு அருகே உட்கார்ந்து கத்தியை வாங்கி, அவர் அரிந்ததைவிட மெல்லியதாக அரிந்து காட்டினார். ஸ்ரீரங்கத்து மாடியில் ஐம்பது வருடமாகச் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வற்றல் போட்ட கை. அந்த அம்மாள் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஒருவருக்கும் மற்றவர் மொழி தெரியாது. மத்தியானக் காற்று வரும் வரை இருவரும் அரிந்துகொண்டே இருந்தார்கள். காற்று வந்ததும் முறத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

#22 வயலூர் ஆண்டாள்

அக்கா, ஜோம்சோமில் கடைசியில் விமானம் கிடைத்ததா?

#23 கொள்ளிடக்கரை

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது. அம்மா மடியில் ஒரு பை ஆப்பிள் வற்றல். இன்னும் பாதி இருக்கிறது.